ஏறுகிற கலரும் நிற்கிற கலரும்

காஞ்சிபுரம் பக்கத்து முசரவாக்கத்தில் எங்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி இருந்தது. அதில் நூல் கட்டி ஒரு பென்சில் தொங்கும். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பரீட்சைப் பேப்பர் திருத்துவாரே, அதே பென்சில்தான். நைனா அதை யாரையும் தொடவிடமாட்டார். சுண்ணாம்பு அடித்த சுவரில் அன்றன்று நெய்த முழக்கணக்கை நீலத்தில் எழுதுவார். முதலாளியிடம் முன்பணமாக வாங்கியதைச் சிவப்பில் எழுதுவார். சிவப்புப் பக்கம்தான் சீக்கிரம் தேயும்.

நான் அப்போது கரை நாடா தள்ளுகிற பையன். கோர்வைச் சேலை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். உடல் ஒரு கலர், கரை வேறு கலர் என்று துல்லியமாகப் பிரிந்து நிற்க வேண்டுமென்றால் நாடா மூன்று வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியாக இரண்டு. ஒருவர் இரண்டு கையால் மூன்றையும் சமாளிக்க முடியாது. அதனால் நைனாவுக்கு வலப்பக்கம் நான் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் தள்ளுவேன். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் இரண்டு மணி நேரம், வந்த பிறகு விளக்கு வைக்கிறவரை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது; எங்கள் தெருவுக்கு அது வந்துசேர இன்னும் சில வருடம் ஆயிற்று. ஆனால் அந்த வேலையில் ஒன்று கற்றேன். இரண்டு கலர் சந்திக்கிற கோட்டையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் ஒரு மாதிரி பழகிவிடும். இன்றைக்கும் ஒரு படத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் உருவம் தெரிவதில்லை. எந்தக் கலர் எந்தக் கலரைத் தொடுகிறது என்பதுதான் தெரியும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துக்குக் கூட்டிப்போவார். அங்கே டிசைன் மாஸ்டர் வீடு. திண்ணையில் சாய்வு மேசை போட்டு, கட்டம் கட்டமாக அச்சிட்ட பெரிய தாளில் மயிலும் யாளியும் அன்னமும் வரைந்துகொண்டிருப்பார். ஒரு கட்டத்தை நிரப்பினால் தறிக்கு மேல் இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் அதற்குரிய கொக்கி நூலைத் தூக்கும். வெறுமனே விட்டால் தூக்காது. 240 கொக்கிப் பெட்டி என்றால் அகலத்தில் 240 கட்டம். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிக்கும் ஒரு அட்டை. அட்டையில் துளை போட்டு, வரிசையாகக் கோத்து, பெட்டிமேல் ஏற்றினால் மயில் தானாகச் சேலையில் இறங்கும். ஒரு கட்டம் தவறினால் மயிலுக்கு மூக்கு இரண்டாகும். அது ஒரு சேலையில் மட்டும் நிற்காது, அந்த அட்டையில் நெய்கிற அத்தனை சேலையிலும் வரும்.

எனக்கு அவர் கட்டம் நிரப்புகிற வேலை கொடுத்தார். கையில் கிடைத்தவை மலிவான பென்சில்கள். பாதிக் கட்டத்தில் கீறிக்கொண்டு தேயும், சீவினால் ஊக்கு உதிரும். மாஸ்டருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. "இது கலரில்லடா, சங்கேதம். சிவப்புன்னா ஜரிகை, பச்சைன்னா பட்டு. அசல் கலர் சாயப்பட்டறையில இருக்கு" என்பார். ஆனால் சாயந்திரம் வேலை முடித்து, வாங்குகிறவருக்குக் காட்ட ஒரு முழத்துண்டு படத்தை அவரே கலர் அடித்துக் காட்டுவார் பாருங்கள், அப்போது மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுப்பார். அந்தப் பெட்டியின் உள்ளே எட்டிப்பார்க்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதற்குள் அவ்வளவாக ஒன்றும் இல்லை. விரல் நீளத்துக்குத் தேய்ந்த ஏழெட்டுத் துண்டுகள். பொன்னிற எழுத்தில் ஏதோ வெளிநாட்டுப் பெயர், பாதி சீவப்பட்டுப் போயிருந்தது. அதில் கருஞ்சிவப்பு ஒன்றை எடுத்துத் தாளில் இழுத்துக் காட்டினார். கோடு என்று சொல்ல மனம் வரவில்லை. தாளுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

"அழுத்தாத. ஏத்து" என்றார்.

எங்கள் ஊரில் கலரைப் பற்றிப் பேச இரண்டு வினைச்சொல் போதும். ஏறுவது, நிற்பது. நூலில் சாயம் நன்றாக ஏறியிருக்கிறதா? ஏறியது நிற்குமா? நிற்காதது தண்ணீரில் கக்கும், வெயிலில் வெளுக்கும். பென்சில் வாங்குகிறவர்களிடம் நான் இன்றும் இந்த இரண்டைத்தான் கேட்கச் சொல்கிறேன். மற்றதெல்லாம் பெட்டியின் அலங்காரம்.

ஆறாம் வகுப்பில் எனக்கென்று சொந்தமாக வந்தது கேம்லின் பன்னிரண்டு கலர் பெட்டி. 1931-இல் பம்பாயில் மை தயாரிக்கத் தொடங்கிய அந்தக் கம்பெனியின் ஒட்டகத்தைப் பார்க்காமல் என் வயதுக்காரர்கள் யாரும் படம் வரைந்திருக்க முடியாது. எழுதுகிற பென்சிலுக்கு நடராஜ், கலருக்கு ஒட்டகம். பெட்டியில் இருந்த கலர்களின் பெயரும் என் வீட்டுக் கலர்களின் பெயரும் ஒன்றோடொன்று பேசவேயில்லை. அதில் சிவப்பு இருந்தது, அரக்கு இல்லை. மஞ்சள் இருந்தது, மாம்பழம் இல்லை. பச்சை இரண்டு இருந்தும் கிளிப்பச்சை இல்லை. வெங்காயச் சருகு, கத்திரிப்பூ, வாடாமல்லி, மயில்கழுத்து எதுவும் இல்லை. அக்கா கல்யாணச் சேலையை வரைய உட்கார்ந்து, சிவப்பின் மேல் பழுப்பு, அதன் மேல் கொஞ்சம் நீலம் என்று தேய்த்துத் தேய்த்து அரக்கு வரவழைக்கப் பார்த்தேன். மூன்றாவது கலர் ஏறவில்லை. மெழுகு பளபளவென்று மூடிக்கொண்டது, பென்சில் வழுக்கிற்று. கடைசியில் தாள் கிழிந்தது. பள்ளிப் பென்சிலுக்கும் ஓவியர் பென்சிலுக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று யாராவது கேட்டால், அந்த மூன்றாவது கலரைத்தான் சொல்வேன்.

மயில்கழுத்து எப்படி வருகிறது என்று நைனா தறியிலேயே காட்டினார். பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால் துணி இரண்டுமாக இருக்கும், திருப்பினால் மாறும். இரண்டையும் கலந்து ஒரே சாயமாகப் போட்டால் அந்த ஜீவன் வராது. நல்ல கலர் பென்சிலும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. கீழே இருக்கிற கலர் மேலே இருக்கிற கலரின் ஊடாகத் தெரிய வேண்டும். அதற்கு ஊக்கில் வண்ணப்பொடி நிறைய இருக்க வேண்டும், களிமண் குறைவாக இருக்க வேண்டும், பிணைக்கிற மெழுகோ எண்ணெயோ தாளின் சொரசொரப்பை ஒரேயடியாக அடைத்துவிடக் கூடாது. எழுதுகிற பென்சிலின் ஊக்கைச் சூளையில் சுடுவார்கள். கலர் ஊக்கைச் சுட்டால் வண்ணம் கருகிவிடும்; அதை உலர்த்தத்தான் முடியும். அதனால்தான் கலர் பென்சில் எப்போதும் கொஞ்சம் நொய்மை. கீழே விழுந்தால், எந்தக் கம்பெனியானாலும், மரத்துக்குள்ளேயே ஒடிந்துபோகும். கீழே போட்ட கலர் பென்சிலை நான் யாரிடமும் இரவல் வாங்குவதில்லை.

1991-இல் சென்னை ஓவியக் கல்லூரிக்கு வந்தேன். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சிவப்புக் கட்டிடம். ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே 'ஆர்ட்டிஸ்ட்' உத்தியோகம் காஞ்சிபுரத்து நெசவாளர் சேவை மையத்தில் டிசைன் போடுவது. அந்த மையங்களில் வேலை பார்த்த ஓவியர்களில் கே.எம். ஆதிமூலமும் ஒருவர் என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கல்லூரியில் எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் இரண்டுக்கும்தான் மரியாதை. கலர் பென்சில் எடுத்தால் "என்னப்பா, எல்.கே.ஜி.யா?" என்று கேட்டவர் உண்டு. அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. எங்கள் கையில் இருந்தவை எல்.கே.ஜி. பென்சில்கள்தான்.

அங்கேதான் சீனியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது ஒரு கட்டு பாலிக்ரோமோஸ் துண்டுகளை விட்டுப்போனார். பிள்ளையார்பாளையத்துத் தகரப் பெட்டிக்குள் இருந்தவை இவைதான் என்று கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. ஜெர்மனியில் நியூரம்பெர்க் பக்கத்து ஸ்டைன் என்ற ஊரில் 1761-இல் தொடங்கிய ஃபேபர்-காஸ்டெல் கம்பெனி, 1908-இல் அறுபது கலரோடு விட்ட பென்சில். இப்போது 120 கலர். எண்ணெய் சேர்ந்த ஊக்கு, கொஞ்சம் கெட்டி. முனை நிற்கும். கெட்டி என்பதால் முதல் பூச்சில் ஏமாற்றமாகத்தான் இருக்கும், கலர் லேசாகத்தான் விழும். பொறுமையாக ஐந்து, ஆறு, ஏழு பூச்சு போட்டால் ஒவ்வொன்றும் ஏறும். நெசவு வீட்டுப் பிள்ளைக்கு அதுவே பொருத்தம்.

அமெரிக்காவின் ப்ரிஸ்மாகலர் வேறு ஜாதி. 1938-இலிருந்து இருப்பது, மெழுகு ஊக்கு, வெண்ணெய் தடவின மாதிரி ஏறும். பெரிய பரப்பை நிரப்ப, ஒரு கலரை இன்னொன்றில் குழைக்க அதற்கு நிகர் சொல்லமாட்டேன். சேலை முந்தானை மடிப்பில் வெளிச்சம் வழுக்குவதை அதில் கால்மணி நேரத்தில் கொண்டுவந்துவிடலாம். பாலிக்ரோமோஸில் அரை நாள். ஆனால் மெழுகுப் பென்சில் எதுவானாலும் அழுத்திப் பூசினால், சில நாளில் படத்தின் மேல் வெண்மையாக ஒரு படலம் பூக்கும். திராட்சைப் பழத்தின் மேல் இருக்குமே அது மாதிரி. மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, மேலே ஃபிக்சேடிவ் அடித்தால் அடங்கும். முதல் தடவை பூத்தபோது பூசணம் என்று நினைத்துப் படத்தை வெயிலில் வைத்தேன். அதைவிட முட்டாள்தனம் இல்லை. அக்னி நட்சத்திரத்தில் காஞ்சிபுரத்து வெயில் மெழுகை என்ன பாடுபடுத்தும் என்று யோசித்திருக்க வேண்டும்.

ஜரிகை வரைகிற விஷயம் தனி. பெட்டியில் தங்கக் கலர் பென்சில் இருக்கிறதே என்று புதிதாக வருகிறவர்கள் அதை எடுப்பார்கள். அது சாம்பல் பூசின மாதிரி செத்துக் கிடக்கும். ஜரிகை ஒரு கலரே இல்லை. வெளிச்சம் பட்ட இடமும் படாத இடமும்தான். நான் செய்வது இது. பழைய பிளேடால் 183-ஆம் எண் வெளிர் காவிமஞ்சளை ஊசிமுனையாகச் சீவிக்கொள்வேன். ஒரு இழைக்கு ஒரு கோடு. அடுத்த இழைக்கு முன்னால் மயிரிழை அளவு தாளை வெறுமனே விடுவேன். இழை வளைந்து கீழே போகிற இடத்தில் 175-ஆம் எண் கருஞ்செபியாவை ஒரு புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் கொஞ்சம் பச்சை கலந்த மஞ்சள். வெறும் தாள்தான் மின்னும். ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். முனை நிற்காத பென்சிலில் இந்த வேலையை நினைக்கவே முடியாது. அதனால்தான் கரைக்குப் பாலிக்ரோமோஸ், உடலுக்கு ப்ரிஸ்மாகலர் என்று பல வருடம் இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தேன்.

இதுவரை ஏறுகிற கதை. நிற்கிற கதையை நான் அவமானப்பட்டுத்தான் கற்றேன்.

2004 வாக்கில் காஞ்சிபுரத்திலேயே ஒரு குடும்பத்தார் காலமான தங்கள் பாட்டியைப் படமாக வரைந்து கேட்டார்கள். கருப்பு வெள்ளைப் போட்டோ ஒன்று கொடுத்தார்கள், பாட்டி அதில் கட்டியிருந்த சேலையையும் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். உடல் வாடாமல்லி, இரண்டு பக்கமும் அரக்குக் கரை, ரெட்டைப்பேட்டு என்போம். சேலையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் வரைந்தேன். அப்போது என்னிடம் புதிதாக ஒரு வெளிநாட்டுப் பெட்டி இருந்தது. பெயர் வேண்டாம். அதில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த கலர் ஒன்று; வாடாமல்லிப் பூவைப் பறித்து ஊக்கில் அடைத்தது போல எரியும். படத்தைப் பார்த்துப் பாட்டியின் மகள் அழுதார். கூடத்தில் கிழக்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார்கள்.

ஐந்து வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்தக் கூடத்தில் உட்கார்ந்தேன். பாட்டி முகம் அப்படியே இருந்தது. கரை அரக்காகவே இருந்தது. சேலை மட்டும் சாம்பல் நீலமாக, துக்க வீட்டுத் துணி போல ஆகியிருந்தது. பீரோவில் இருந்த அசல் சேலை வாடவில்லை. நான் வரைந்த வாடாமல்லிதான் வாடியது. மகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. "பாயசம் போட்டுக்கோங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

ஊருக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். "வெயில்ல போட்டுப் பாக்காம எவனாவது கலரு வாங்குவானா?" என்றார். சாயப்பட்டறையிலிருந்து புது நூல் வந்தால் அவர் ஒரு கொத்தை எடுத்து, பாதியை அட்டைக்குள் மடித்து, பாதியை வெளியே விட்டு ஓட்டின் மேல் கட்டிவைப்பார். ஒரு வாரம் கழித்து இரண்டு பாதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சிறு வயதில் நான் தினம் பார்த்தது அது. பென்சிலுக்கும் அதைச் செய்யலாம் என்று ஓவியக் கல்லூரியில் படித்த எனக்குத் தோன்றவில்லை.

பிறகு தேடிப்படித்தபோது சிரிப்பு வந்தது. உலகம் முழுக்க ஓவிய வண்ணங்களின் வெயில்தாங்கும் தன்மையைச் சோதிக்கிற அளவுகோலே துணிக்காரர்களுடையதுதான். நீலச் சாயமிட்ட எட்டுக் கம்பளித் துண்டுகள் ஒட்டிய ஒரு அட்டை. ஒன்றாம் துண்டு சீக்கிரம் வெளுக்கும். அடுத்தது வெளுக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு வெயில் வேண்டும். அதற்கடுத்தது அதற்கும் இரண்டு மடங்கு. ஒன்று ஒரு வாரம் என்றால் எட்டுக்குக் கணக்குப்படி 128 வாரம். வண்ணத்தை இந்த அட்டையோடு சேர்த்து வெளிச்சத்தில் வைத்து, எந்தத் துண்டு வெளுக்கும்போது அதுவும் வெளுக்கிறது என்று பார்ப்பார்கள். நைனாவின் ஓட்டுக்கூரைதான், கொஞ்சம் சட்டதிட்டத்தோடு. பாலிக்ரோமோஸ் பென்சிலின் உடம்பில் சின்ன நட்சத்திரங்கள் இருக்கும். பத்து வருடம் அதை அழகுக்கு என்று நினைத்திருந்தேன். மூன்று நட்சத்திரம் என்றால் அருங்காட்சியக வெளிச்சத்தில் நூறு வருடத்துக்கு மேல், இரண்டுக்கு இருபத்தைந்துக்கு மேல், ஒன்றுக்கு ஐந்துக்கு மேல் என்று கம்பெனியே சொல்கிறது. ஒரே பெட்டிக்குள் எல்லாக் கலருக்கும் ஒரே ஆயுள் இல்லை. பெட்டியைப் பார்த்து வாங்குவது சாதகம் பார்க்காமல் குடும்பத்தைப் பார்த்துப் பெண் எடுக்கிற மாதிரி.

எது நிற்கும், எது ஓடும் என்பதற்கு ஊரிலேயே பாடம் இருந்தது. கைலாசநாதர் கோயில் மதிலை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னதிகள், 58. ராஜசிம்ம பல்லவன் காலம், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். சிலவற்றின் உள்சுவரில் ஓவியத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1931-இல் பாண்டிச்சேரியிலிருந்து வந்த ழுவோ துப்ரே கண்டுபிடித்துச் சொல்லும்வரை யாரும் கவனிக்கவில்லை. குனிந்து எட்டிப்பார்த்தால் முதலில் கண்ணில் படுவது காவிச் சிவப்பும் மஞ்சளும். அவை மண். இரும்புத் துரு. ஏற்கெனவே துருப்பிடித்ததை வெயில் மேற்கொண்டு என்ன செய்யும்? பென்சிலிலும் காவி, செபியா, கரி எல்லாம் கவலையில்லாத ரகம். பிரச்சினை எல்லாம் பூவின் கலர்களில்தான். ரோடமின் வகைச் சாயங்கள் தருகிற அந்த எரிகிற இளஞ்சிவப்பு, ஊதா. கடையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே ராணியாக இருக்கும், ஜன்னலோரம் வந்தால் ஆயுள் குறைவு. 1950-களின் கடைசியில் சந்தைக்கு வந்த குவினாக்ரிடோன் வண்ணங்கள் அந்த இடத்தில் எவ்வளவோ மேல். ஜொலிப்பு ஒரு மாற்று குறைவு, ஆனால் நிற்கும்.

ஜூரிச்சில் இருக்கிற யாழ்ப்பாணத்து நண்பர், கல்லூரித் தோழர், ஒரு தடவை வரும்போது லூமினன்ஸ் பென்சில் பத்து கொண்டுவந்தார். ஜெனிவாவின் காரன் தாஷ் கம்பெனி, வெயில் தாங்குவதற்கென்றே உள்ள டி-6901 என்ற அமெரிக்கத் தரத்தின் எண்ணைப் பென்சிலின் பெயரிலேயே சேர்த்து விடுகிற ரகம். காரன் தாஷ் என்பது பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் ஒருவரின் புனைபெயர்; அவர் மாஸ்கோவில் பிறந்தவர், பென்சிலுக்கான ரஷ்யச் சொல்லைப் பெயராக வைத்துக்கொண்டார். அந்தச் சொல்லின் வேர் துருக்கிய மொழியில் 'கருங்கல்' என்பார்கள். விலையும் கருங்கல்தான், ஒரு பென்சில் காசுக்கு இங்கே மூன்று பேர் மதியச் சாப்பாடு சாப்பிடலாம். மெழுகு ரகம், ஆனால் இருட்டுத் தாளின் மேலேயும் வெளிச்சமாக ஏறுகிறது. பத்தில் ஆறு தேய்ந்துவிட்டன. மீதி நான்கையும் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறேன். எம்.எஸ். நீலத்துக்கு அதில் ஒன்று கிட்டத்தில் வரும். முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்த அந்த நீலம் இதுதான் என்று இரண்டு கடைக்காரர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை என்பதால், கிட்டத்தில் வந்தாலே போதும்.

மூன்று வருடத்துக்கு முன் எல்லாவற்றையும் ஒரு தடவை வெயிலில் போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். முசரவாக்கம் வீட்டில் தறியை விற்று வெகுநாள் ஆயிற்று. ஜக்கார்டு அட்டைகள் மட்டும் பரணில் இருந்தன, கயிறு கோத்த கட்டுகளாக. ஒரு கட்டில் நடுவிலிருந்து ஒரு அட்டையை உருவினேன். கெட்டித் தாளில் என்னிடம் இருந்த நாற்பது பென்சிலையும் பட்டை பட்டையாகத் தீட்டி, அதன்மேல் அட்டையை வைத்து, கண்ணாடி மூடி, மொட்டைமாடியில் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைத்தேன். மாசி கடைசியில் வைத்தது. ஆனி பிறந்ததும் எடுத்தேன்.

காவிகள், கருப்பு, செபியா, அரக்குக்கு நான் நம்பியிருந்த கருஞ்சிவப்பு, எல்லாம் ஒரே சீராக இருந்தன. அட்டை இருந்ததற்கு அடையாளமே இல்லை. நீலங்களில் ஒன்று தவிர மற்றவை அசையவில்லை. இளஞ்சிவப்புகளுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். அட்டை மூடிய இடம் பழைய கலர், துளை இருந்த இடமெல்லாம் வெளிறின புள்ளி. இரண்டு புள்ளி, ஒரு இடைவெளி, மூன்று புள்ளி, நீளமாக ஒரு இடைவெளி. ஊசிக்குப் பதில் வெயில் புகுந்து நெய்திருந்தது. எந்தப் பென்சில் எவ்வளவு ஓடும் என்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பெட்டியிலிருந்து ஒன்பது பென்சிலை எடுத்து அக்கா பேத்திக்குக் கொடுத்துவிட்டேன். அவள் படங்கள் ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் தங்குவதில்லை.

தாளைத் திண்ணையில் நைனாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணில் ஆபரேஷன் ஆகித் தடித்த கண்ணாடி. கலர்களை அவர் பார்க்கவில்லை. வாடாமல்லிப் பட்டையில் விரலை வைத்துப் புள்ளிகளை இடமிருந்து வலமாக எண்ணினார். பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"மயில் கரை. கொண்டை முடியற எடம்" என்றார். கண்டுபிடித்தாரா, பரணில் இருந்தது மயில் கரைக் கட்டு என்ற ஞாபகத்தில் சொன்னாரா, தெரியாது.

"அட்டை எங்க?"

மாடியில் இருக்கிறது என்றேன்.

"எத்தினியாவது அட்டைன்னு பாத்து எடுத்தியா? எடுத்த எடத்துலயே கோத்து வை. வரிச மாறிச்சுன்னா மயிலு கோணிக்கும்."